ஸ்காட்டு ஆட்டத்தில் கைக்குட்டை

எய்யா,

உன் மாமியார் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் வந்திருக்கிறது. விருதுநகர் பஸ்ஸில் வந்த ஆள் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கொடுத்துவிட்டு, "கல்யாணத்துக்கு, சம்பந்தியம்மா கையில குடுக்கச் சொன்னாக" என்று சொல்லி, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். கொடுத்த கையோடு ஓடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நூலை அவிழ்க்காமல் அரை நாள் மேசைமேலேயே வைத்திருந்தேன். உங்கப்பா விஸ்வநத்தத்தில் வெடி கம்பெனி போர்மேன், பெட்டியைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. அவர்தான் பிரித்தார். உள்ளே எட்டுப் பட்டுக் கைக்குட்டை. நல்ல சிவப்பு, ஓரமெல்லாம் ஜரிகை. உன் கல்யாணத்தன்று சாயங்காலம் நாங்கள் ஆஸ்பத்திரி நர்சுகள் ஸ்காட்டு ஆட்டம் ஆடும்போது ஆளுக்கொன்று பிடித்துக்கொள்வதற்காம். "அசல் பட்டுல்லா. எதுக்கு இப்படி மொறைச்சுப் பாக்க?" என்றார் உங்கப்பா. அவருக்குச் சொல்லிப் பயனில்லை, உனக்குத்தான் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் அந்த வீட்டு மருமகன் ஆகப்போகிறவன் நீ.

எனக்குச் சந்தேக புத்தி என்று நம் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. புளி வாங்கினால் கொட்டையை எடுத்துக் கல்லா என்று பார்ப்பேன், பால்காரர் முன்னாலேயே பாலைத் தொட்டு நக்கிப் பார்ப்பேன், நீ பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட வகுப்பில் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்டேன். நீயும் உங்கப்பாவும் சேர்ந்துகொண்டு என்னை எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறீர்கள். செய்யுங்கள். ஊசி போடுவதற்கு முன்னால் மருந்துப் புட்டியை இரண்டு தடவை படிக்கிற புத்தியும் இதே புத்திதான், அதனால் பிழைத்தவர்கள் இந்த ஊரில் இன்னும் நடமாடுகிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா சொல்கிற முதல் புத்திமதியும் அதுதான். சந்தேகம் வந்தால் உள்ளேயே போட்டுப் பூட்டி வைக்காதே. வாய்விட்டுக் கேட்டுவிடு. பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

உன் தாத்தா, எங்கப்பா, ஆமத்தூர்ப் பக்கம் பண்ணையில் கூலிக்கு உழுதவர், பிற்பாடுதான் தீப்பெட்டி ஆபீசுக்குக் கூலி வேலைக்குப் போனார். எங்கள் தெருப் பிள்ளைகளில் மிஷன் போர்டிங்கில் படித்து நர்ஸ் ஆனது நான் ஒருத்திதான். ஞானஸ்நானம் வாங்கினேன். எங்கம்மா கடைசிவரைக்கும் ஆடி மாசமானால் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். நான் அவளைத் தடுக்கவில்லை, அவளும் என்னைத் தடுக்கவில்லை. சபைக்குள் வந்துவிட்டால் சாதி இல்லை, மேல் வரிசை கீழ் வரிசை இல்லை என்று சொல்லித்தான் எங்களைச் சேர்த்தார்கள். வரிசை இருந்தது. யாரும் வாயால் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். ஆராதனைக்குப் போனால் எந்தப் பாயில் உட்காருவது என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிடும். இதையெல்லாம் உன்னிடம் நான் அதிகம் பேசியதில்லை. நீ படித்து, கரண்ட் ஆபீஸ் வேலைக்குப் போய், உன் காலத்தில் எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மாறியிருக்கலாம். எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

டாக்டரம்மா நம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ ஒண்ணாம் வகுப்பு. யாராவது அவரை இங்கிலாந்துக்காரி என்று சொல்லிவிட்டால் போச்சு, "ஸ்காட்லாந்து, ஸ்காட்லாந்து" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி திருத்துவார். அவர் டிரங்குப் பெட்டியில் துணியைவிடக் கிராமபோன் பாட்டுத்தட்டுதான் அதிகம். வந்த சில மாதத்திலேயே, சனிக்கிழமை சாயங்காலம் டியூட்டி முடிந்த நர்சுகள் எல்லாரும் பிரசங்க ஹாலுக்கு வரவேண்டும், தன் ஊர் ஆட்டத்தைச் சொல்லித் தரப்போகிறேன் என்றார். நான் நம்பவில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த காலை இன்னும் ஒரு மணி நேரம் குதிக்கச் சொல்கிறவருக்கு என்ன லாபம்? யாருக்கு உடம்பில் தெம்பிருக்கிறது, யார் வாயும் வயிறுமாக இருப்பதை மறைக்கிறார்கள் என்று பார்த்து வேலையை விட்டு அனுப்பத்தான் இந்த ஏற்பாடு என்று சக நர்சுகளிடம் சொன்னேன். ரெண்டு பேர் அதை நம்பி முதல் வாரம் வரவே இல்லை.

ஹாலில் நின்று டாக்டரம்மா எங்களுக்கு விளக்கினார். தன் ஊரில் குளிர்காலத்தில் ஒரு கொட்டகையில் எல்லாரும் கூடுவார்களாம். பண்ணை முதலாளியும் வருவார், அவர் குதிரையைத் தேய்க்கிற ஆளும் வருவார். ஒரே வரிசையில் நின்று, ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஆடுவார்களாம். யார் ஆடக் கூப்பிட்டாலும் மாட்டேன் என்று சொல்லக்கூடாதாம், அது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. நான் கையைத் தூக்கி, "மறுநா அந்தக் குதிரைக்காரனுக்குக் கூலி கூட்டிக் குடுத்தாகளா டாக்டரம்மா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் உடனே பாட்டுத்தட்டை எடுக்கத் திரும்பிவிட்டார், அதை நான் கவனித்துக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு எட்டுப் பேர் வேண்டும். ஒருத்தர் குறைந்தாலும் நடக்காது. நாலு ஜோடியாக எதிரெதிரே இரண்டு வரிசை. நாங்கள் எல்லாரும் பெண்கள்தானே, அதனால் ஆண் பக்கம் நிற்கிறவர்கள் ஏப்ரனைச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். முதலில் எட்டுப் பேரும் கைகோத்து வட்டமாக இடப்பக்கம் போய், அப்படியே வலப்பக்கம் திரும்பி வருவோம். பிறகு வரிசையின் மேல்கோடியில் நிற்கிற ஜோடி நடுவில் இறங்கி, எல்லாரிடமும் கை கொடுத்து ஆடி, கடைசியில் கீழ்க்கோடிக்குப் போய் நிற்க வேண்டும். அடுத்த ஜோடி மேலே வரும். எல்லாருக்கும் ஒரு தடவை மேல், எல்லாருக்கும் ஒரு தடவை கீழ். ஊரில் இதற்கு வெள்ளைக்காரக் கும்மி என்று பேர் வைத்தார்கள். எனக்கு, சும்மா சொல்லக்கூடாது, முதல் நாளே பிடித்துவிட்டது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. கீழ்க்கோடியில் நின்ற நான், யாரையும் கேட்காமல், யாரும் ஒதுங்கி வழிவிடாமல், ஆட்டத்தின் முறைப்படி மேலே போய் நின்றேன். அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உன் மாமியார் அப்போது பிரசவ வார்டுக்குப் பெரிய சிஸ்டர். விருதுநகரில் மூன்று தலைமுறையாக வாத்தியார் குடும்பம், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், வேலையில் சுத்தம். அதை நான் குறை சொல்லமாட்டேன். அன்று வட்டத்தில் எனக்கு இடப்பக்கம் அவர்தான். தன் இடப்பக்கத்துப் பிள்ளையின் கையை வெறுங்கையாலேயே பிடித்தார். என் பக்கம் திரும்பினார், நான் கையை நீட்டினேன். அவர் இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவி, ஒரு முனையை எனக்குக் கொடுத்து, மறு முனையைத் தான் பிடித்துக்கொண்டார். "கை வேர்க்குதுல்லா" என்றார். வேர்த்தது வாஸ்தவம், சித்திரை மாசம். ஆனால் ஒரு கைக்கு மட்டும் எப்படி வேர்க்கும்?

ஒன்றை நீ புரிந்துகொள்ள வேண்டும். அதே பெரிய சிஸ்டரும் நானும் ஒரு பிரசவத்தில் நாலு கையால் ஒரு பிள்ளையை வாங்கியிருக்கிறோம். ரத்தமும் தண்ணீருமாக அவர் கையும் என் கையும் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கின்றன. அதில் அவருக்கு ஒன்றும் இல்லை. வேலையில் தொட்டால் அது வேலை. வேலை முடிந்து, தலைசீவி, பூ வைத்துக்கொண்டு, சந்தோஷத்துக்காக ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்தால் அது வேறு. அதில் இருவரும் சமம் என்று ஆகிவிடும். அந்த வித்தியாசம் அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை ஹாலுக்குப் போனால், டாக்டரம்மா ஒரு தட்டில் கைக்குட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். ஆஸ்பத்திரிப் போர்வைத் துணியில் வெட்டி, ஓரம் அடித்தவை. "எல்லாருக்கும் கை வேர்க்கிறது. எல்லாரும் பிடியுங்கள்" என்றார். அன்றிலிருந்து எட்டுப் பேரும் கைக்குட்டை முனையைப் பிடித்துத்தான் ஆடினோம். எனக்கு மட்டும் என்று இருந்த அவமானம் எல்லாருக்கும் பொதுவாகி, அவமானமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அவர் அப்படிச் செய்தாரா, பெரிய சிஸ்டர் கோபித்துக்கொண்டு போய்விடாமல் இருப்பதற்காகச் செய்தாரா, இல்லை உண்மையிலேயே வேர்வை என்று நினைத்துவிட்டாரா? வருஷக்கணக்கில் இதை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். வாய்விட்டுக் கேட்டது அவர் ஊருக்குத் திரும்பிப் போகிற வாரத்தில்தான்.

அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா, அன்னைக்குக் கைக்குட்டை எதுக்குக் குடுத்தீக?" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "உனக்குத் தெரியும்" என்றார். "எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னுதான் கேக்கேன்." அவர் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய தமிழ் புத்தகத் தமிழ். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "எனக்கு முதல் நாளே தெரியும். துணி கூடாது என்று சொன்னால் அவர்கள் போய்விடுவார்கள். எட்டுப் பேர் இல்லை, ஆட்டம் இல்லை. ஒரு வருடம் போகட்டும், பிறகு துணியை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த வருடம் போனது. இன்னும் ஒரு வருடம் என்று நினைத்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாருக்காக அழுதார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு, "நீ இதை விடாமல் நடத்துவாயா?" என்று கேட்டார். பெரிய சிஸ்டரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். எல்லா ஆட்டமும் அடி பிசகாமல் மனப்பாடமாக இருந்தது எனக்குத்தான். "எட்டுப் பேரு கெடைச்சா நடத்துதேன்" என்றேன்.

நடத்தினேன். சும்மா ஒன்றும் நடக்கவில்லை. பாட்டுத்தட்டு கீறி, ஊசி ஒரே இடத்தில் நின்று கத்த ஆரம்பித்தது. நம் கம்பவுண்டர் அந்த மெட்டுகளைக் காதால் பிடித்து ஆர்மோனியத்தில் கொண்டுவந்தார். கொஞ்சம் கீர்த்தனை வாடை அடிக்கும், ஆனாலும் கால் நிற்காது. புதிதாக வந்த பாதிரி ஐயர், பிரசங்கம் பண்ணுகிற ஹாலில் குதிக்கலாமா என்று கேட்டு ஹாலைப் பூட்டிவிட்டார். அவருக்கு ஆட்டத்தில் கோபமா, அதை நடத்துகிறவள் யார் என்பதில் கோபமா என்று நான் ஆராய்ச்சி பண்ணவில்லை. போர்வை காயப்போடுகிற சிமிண்டுத் தளத்துக்கு ஆட்டத்தை மாற்றினேன். கல்யாணமாகிப் போனவர்கள் இடத்துக்குப் புதுப் பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்துச் சேர்த்தேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, சாத்தூர்ப் பிள்ளை ஒன்று என்று எப்போதும் எட்டு. பெரிய சிஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று விருதுநகர் போனார். கைக்குட்டை போகவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று நீ கேட்பாய். எடுத்தால் யார் யார் போவார்கள் என்று எனக்குத் தெரியாதா? டாக்டரம்மா போட்ட அதே கணக்குத்தான். எனக்கு ஆள் வேண்டும், அந்த விலைக்குக் கிடைத்தார்கள். அதற்காக நான் இப்போது கண்ணீர் விடப்போவதில்லை.

ஆனால் அது வேர் விடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு, சிவகாசியிலிருந்து படம் வரைகிற ஆள் ஒருவர் பென்சிலும் தாளுமாக வந்து தளத்து ஓரத்தில் நின்றார். எதற்கு என்று கேட்டேன், "சும்மா, ஆசைக்குத்தான் சிஸ்டர்" என்றார். அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த தீபாவளி சீசனில் உங்கப்பா ஒரு மத்தாப்புப் பெட்டியைக் கொண்டுவந்து, "ஏ, இங்கன பாரு" என்று காட்டினார். லேபிளில் நாங்கள் எட்டுப் பேர். பட்டுப் புடவை, கை நிறைய வளையல், எல்லார் முகத்திலும் ஒரே சிரிப்பு, நடுவே எட்டுச் சிவப்புக் கைக்குட்டை. எங்கள் கைக்குட்டை வெள்ளைப் போர்வைத் துணி, அதற்கு அவர் சிவப்பு அடித்துவிட்டார். அதிலிருந்து எங்களை ஆடக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம், "அந்தப் பெட்டியில இருக்க மாதிரி சிவப்புக் கைக்குட்டை பிடிச்சு ஆடுவீகளே, அது" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆட்டத்துக்கே அதுதான் அழகு என்று ஆகிவிட்டது. புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது அடியை இல்லை, கைக்குட்டையை வீசிப் பிடிப்பதைத்தான்.

இனி உனக்கு வாழ்க்கைப்படப் போகிற எஸ்தர் விஷயம். இங்கே நர்சாக வேலைக்கு வந்தபோது, பெரிய சிஸ்டர் மகள் என்று தெரிந்ததுமே நான் உஷாராகிவிட்டேன். சனிக்கிழமை தானாக வந்து, "சிஸ்டர், என்னையும் சேத்துக்கோங்க" என்றாள். என்ன சொன்னாலும் சரி என்பாள். எல்லாவற்றுக்கும் சரி என்கிறவர்களை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும், இது மனைவி விஷயத்திலும் உனக்கு உதவும். நன்றாக ஆடினாள், காலடிச் சத்தமே கேட்காது. நான் சோதித்துப் பார்த்தேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் தூக்குவாளியைத் தள்ளி வைத்தேன். கூசாமல் அதிலேயே கைவிட்டு எடுத்துச் சாப்பிட்டாள். சரி, அவள் அம்மா மாதிரி இல்லை என்று நினைத்தேன். இன்னொரு நாள் வேண்டுமென்றே கைக்குட்டையை மறந்த மாதிரி வெறுங்கையை நீட்டினேன். சிரித்துக்கொண்டே தன் கைக்குட்டையை எடுத்து ஒரு முனையை எனக்குக் கொடுத்தாள். அன்று ஆட்டம் முழுக்க என் மனசு அடியில் இல்லை. தெரியாமல் செய்கிறாளா, தெரிந்தே செய்கிறாளா?

இதற்கு நடுவில் நீ. மாசத்துக்கு ஒரு தடவை மதுரையிலிருந்து வருகிறவன் சனிக்கிழமைதோறும் வர ஆரம்பித்தாய். கேட்டதற்கு, "உங்க மோர்க்குழம்பு நெனப்பு வந்துருச்சும்மா" என்றாய். மோர்க்குழம்பைத் தட்டிலேயே ஆறவிட்டுவிட்டு, தளத்துப் பக்கம் காற்று வாங்கப் போனாய். சின்ன வயசில் ஆட்டம் என்றால் காதைப் பொத்திக்கொண்டு ஓடினவனுக்கு என்ன திடீர் ஸ்காட்லாந்துப் பாசம் என்று எனக்கா புரியாது? நீ வாயைத் திறந்து சொல்லட்டும் என்று இருந்தேன். சொன்னாய். விருதுநகரில் அவர்களும் சரி என்றுவிட்டார்கள். அத்தனை சீக்கிரம் சரி சொன்னதுதான் எனக்கு இடித்தது. நிச்சயத்துக்குப் போனபோது வெற்றிலைத் தட்டை என் கையில் கொடுத்த உன் மாமியார், நாலு பேர் கேட்கும்படி சொன்னார்: "கல்யாணத்தன்னைக்கு அந்த ஆட்டம் கண்டிப்பா இருக்கணும். கைக்குட்டையை மட்டும் விட்றாதீக சிஸ்டர். டாக்டரம்மா அவுக ஊர்லருந்து கொண்டாந்த முறை அது." நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஒரு சலனம் இல்லை. மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி நடிக்கிறாரா? இத்தனை வருஷத்தில் தனக்குத்தானே அப்படிச் சொல்லிச் சொல்லி நம்பிவிட்டாரா? தட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் இந்தப் பட்டுப் பொட்டலம்.

போன சனிக்கிழமை எல்லாரும் தளத்துக்கு வந்ததும் சொன்னேன். "இன்னைலருந்து கைக்குட்டை கெடையாது. கையைப் பிடிச்சு ஆடணும். டாக்டரம்மா ஊர்ல அப்படித்தான். இது எப்படி வந்துச்சு, யாருக்காக வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், சொல்லுதேன் கேளுங்க" என்று, பெரிய சிஸ்டர் பேரைச் சொல்லாமல், நடந்ததை அப்படியே சொன்னேன். கம்பவுண்டர் ஆர்மோனியத்தை மூடிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேர், தலைவலி, வீட்டில் வேலை, அண்ணன் வருகிறார் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிப் போய்விட்டார்கள். திரும்பி வரமாட்டார்கள். நின்ற நாலு பேரில் எத்தனை பேர் மனசார நின்றார்கள், எத்தனை பேர் டியூட்டி போடுகிறவள் நான் என்பதற்காக நின்றார்கள் என்று தெரியாது. எஸ்தர் நின்றாள். கல்யாணம் நெருங்கிவிட்டதே, வேறு என்ன செய்வாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மற்றவர்கள் போனபிறகு போர்வைகளை மடிக்கிற சாக்கில் அவள் அங்கேயே நின்றாள். "அத்தை, எனக்குத் தெரியும்" என்றாள். அவள் என்னை அத்தை என்றது அதுதான் முதல் தடவை.

"என்ன தெரியும்?"

"கைக்குட்டை கதைதான். நான் சின்னப் பிள்ளையா இருக்கப்பவே அம்மா வீட்டுல சொல்லிருக்காக. சிரிச்சுக்கிட்டே சொல்லுவாக. உங்க பேரைச் சொல்லித்தான் சொல்லுவாக."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "தெரிஞ்சுக்கிட்டே இம்புட்டு நாளும் அந்த முனையை எங்கிட்ட நீட்டுனியா? அன்னைக்கு நான் வெறுங்கையை நீட்டுனேனே, அப்பவும்?"

அவள் அழவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "நானா விட்டிருந்தா, போனாப் போகுதுன்னு நான் உங்களுக்குக் குடுத்த மாதிரில்லா ஆயிருக்கும். குடுக்கறதுக்கு நான் யாரு? நீங்க வேண்டாம்னு சொல்ற அன்னைக்கு விடணும்னு இருந்தேன். நீங்கதான் சொல்லவே இல்ல" என்றாள். பிறகு, மடித்த போர்வையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். அவள் கை வேர்த்திருந்தது, என் கையும்தான். அவள் கையைப் பிடித்ததற்கும் உள்ளே ஒரு காரணம் இருக்குமோ என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளையை நன்றாக வைத்துக்கொள். நான் அவளை அத்தனை நாள் வேவு பார்த்தேன், அவள் என்னைக் காத்திருந்து பார்த்திருக்கிறாள். ரெண்டு பேரில் யாராவது ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் போதும். உங்கள் குடித்தனத்தில் அப்படி நடக்கவிடாதே.

ஆனால் அவள் சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. சிரிச்சுக்கிட்டே. ஆக உன் மாமியார் எதையும் மறக்கவில்லை. நிச்சயத்தன்று என் முகத்துக்கு நேரே, டாக்டரம்மா ஊர் முறை என்று சொன்னபோது, அவருக்குத் தெரியும். இந்த ஜரிகைக் கைக்குட்டைக்குச் சொல்லி அனுப்பும்போதும் தெரியும். மகளைக் கொடுக்க மனசு வந்திருக்கிறது, கையைக் கொடுக்க வரவில்லை. மகள் பிடிவாதத்துக்காக ஒத்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் பட்டில் சுற்றிக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார். இப்படி நினைப்பது தப்பாகக்கூட இருக்கலாம், என் புத்தி உனக்குத் தெரியும். தப்பு என்றால் அதை எனக்கு அவர் காட்டட்டும்.

அதனால் இதைக் கேள். பொட்டலத்தை அப்படியே கட்டி உன் பேருக்கு இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயே விருதுநகர் போய் அதை உன் மாமியாரிடம் திருப்பிக் கொடு. எஸ்தரை அனுப்பாதே, எழுதியும் போடாதே. மாட்டேன், சங்கடம் என்று நீ நெளிவாய். நெளிந்துகொண்டே போ. மரியாதையாகப் பேசு, காலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போ, அவர் காப்பி கொடுத்தால் குடி. பிறகு நான் சொன்னதாகச் சொல். கல்யாணத்தன்று சாயங்காலம் பந்தலில் ஆட்டம் உண்டு. பெரிய ஆட்டம் இல்லை, எட்டுப் பேர் கைகோத்துச் சுற்றுகிற வட்டம் மட்டும். இங்கே எஸ்தரையும் என்னையும் சேர்த்து ஐந்து பேர் இருக்கிறோம். ஆறாவது நீ, உன் பெண்டாட்டி பக்கத்தில் நிற்பாய். ஏழாவது உங்கப்பா. "எனக்கெதுக்கு இந்த வயசுல" என்று முரண்டு பிடித்தார், உனக்கும் எனக்கும் நடுவில் நிற்கலாம், வேற்று ஆள் கை படாது என்று சொல்லிச் சம்மதிக்க வைத்துவிட்டேன். எனக்கு இடப்பக்கம் எட்டாவது இடம். அது உன் மாமியாருக்கு.

அந்த இடத்துக்கு வர இங்கே ஆள் கிடைக்காமல் இல்லை. கம்பவுண்டர் மகள் நான் நான் என்று குதிக்கிறாள். அவளிடமும் சொல்லிவிட்டேன், கிடையாது என்று. உன் மாமியார் எழுந்து வந்து வெறுங்கையோடு என் கையைப் பிடித்தால், ஆர்மோனியம் ஆரம்பிக்கும், இந்த ஊரில் ஸ்காட்டு ஆட்டம் இன்னும் ஒரு தலைமுறைக்கு நடக்கும், எஸ்தர் கையில் அதை நான் நிம்மதியாகக் கொடுப்பேன். வரவில்லை என்றால் அன்றைக்கு ஆட்டம் இல்லை, அதற்கப்புறம் எந்தச் சனிக்கிழமையும் இல்லை. இத்தனை வருஷம் இதை உயிரோடு வைத்திருந்தவள் நான், இதை முடிக்கிற உரிமையும் எனக்கு உண்டு. ரெண்டு வீட்டுச் சனமும் பார்க்க, ஏழு பேர் கைகோத்து நிற்போம். ஏன் ஆரம்பிக்கவில்லை, யாருக்காக நிற்கிறார்கள் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். பந்தலைப் பிரிக்க ஆள் வருகிறவரைக்கும் நான் நீட்டின கையை மடக்கமாட்டேன் என்று உன் மாமியாரிடம் சொல்.

அம்மா